பப்பாளியைக் காலையில் போடவும்

சனிக்கிழமை ராத்திரி, சம்பளக் கவர் கையிலிருக்க,
திருப்பூர் ராயபுரம் முக்கில் தள்ளுவண்டியருகே நிற்கிறேன்.
கூறு கட்டிய பூவன், உடுமலைச் சப்போட்டா,
ஒரு பக்கம் அடிபட்ட மாதுளை.
"அமுங்குனதாப் பாத்துக் குடுங்" என்றால்
வண்டிக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார்.
பதினோரு வருசமாகச் செக்கிங்கில் இருக்கிறேன்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட கழுத்துப்பட்டி,
எது தட்டுப்பட்டாலும் தள்ளிவிடும் விரல்கள்
பழவண்டியில் மட்டும்
பழுதைத் தேடிப் பொறுக்குகின்றன.
அமுங்கிய பழம்தான்
விடிவதற்குள் ஓட்ஸோடு கலக்கும்.

எனக்கு ஒன்றரை ஷிப்ட்.
காலை எட்டரைக்கு உள்ளே போனால்
வெளிக்காற்று ராத்திரி எட்டரைக்கு.
அவருக்கு நிட்டிங்கில் நைட்.
மகளுக்கு ஏழு மணிக்குக் காலேஜ் பஸ்.
தோசை சுட ஆள் இருந்தாலும்
உட்கார்ந்து தின்ன ஆள் இல்லாத வீடு.

அதனால், பத்து மணிக்கு மேல்,
மேடை துடைத்த ஈரம் காயும் முன்
மூன்று ஊறுகாய் பாட்டில்கள்.
எத்தனை கழுவியும் ஒன்றின் மூடியில்
நார்த்தங்காய் வாசம் போகவில்லை.
அதை எனக்கு வைத்துக்கொள்வேன்.
ஒரு பிடி ஓட்ஸ், அது மூழ்கப் பால்,
ஒரு கரண்டி தயிர், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை,
மேலாக நசுக்கிய சப்போட்டா.
கிண்டாமல் மூடினால் சர்க்கரை அடியில் தங்கும்;
கிண்டினால் நிறம் மங்கும்.
மகளுடையதைக் கிண்ட மாட்டேன். போட்டோ எடுப்பாள்.

முதல் நாள் சென்னியப்பன்
பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"பழைய சோத்துக்குப் பேண்ட் மாட்டி உட்டாப்ல இருக்குது" என்றார்.
தின்று முடித்து
"பேண்ட் பரவால்ல" என்றார்.

பப்பாளி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை,
வீட்டுக்காரம்மா கொடுத்தது.
நான் அதை அரிந்துகொண்டிருக்கும்போதுதான்
சீட்டுப் பணத்தை அவர் தம்பிக்குக் கொடுத்த விசயம்
வெளியே வந்தது.
என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.
கத்தி நல்ல கூர். துண்டுகள் ஒரே அளவு.
மூன்று பாட்டிலிலும் போட்டு
மூடியைத் தேவைக்கு மேல் இறுக்கினேன்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து மகள்
ஒரே ஒரு வாந்தி முகம் அனுப்பினாள்.
பத்தரை டீ டைமில் நானும் திறந்தேன்.
ஒரு கரண்டி.
வேப்பங்கொழுந்துக் கசப்பு.
பக்கத்து டேபிள் பாப்பாத்தி சொன்னாள்:
"பப்பாளியப் பாலுல போட்டு
ராத்திரி முச்சூடும் தங்க உட்டா
கசக்காம என்னக்கா பண்ணும்?"
பப்பாளியைத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார்.
அவர் பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது.
முழுக்கத் தின்றிருக்கிறார், அந்தக் கசப்பை.
கண்ணாடி மேல்
பழுது இருக்கும் இடத்தில் நாங்கள் ஒட்டும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
என் பையிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.
பிரிட்ஜ் கதவில், டெலிவரி சலானின் பின்பக்கம்,
கம்பெனி நோட்டீஸ் போர்டு மாதிரி:

பப்பாளியைக் காலையில் போடவும்.
சப்போட்டா ஓகே.

சீட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
நின்றபடி சிரித்தேன்.

சீட்டுக் கணக்கு இன்னும் பாக்கி.
வெள்ளிக்கிழமை கேட்பேன்.
இப்போது மணி பத்தேகால்.
மூன்று பாட்டிலும் உள்ளே போயாயிற்று.
கதவை மூடினால் விளக்கு அணையுமாம்;
அணைந்ததைப் பார்த்தவர் யார்?
அந்த இருட்டில் ஓட்ஸ் வேலையைத் தொடங்கும்,
பீஸ் ரேட் கேட்காமல், சூப்பர்வைசர் இல்லாமல்.
பாதிப் பப்பாளி மட்டும்
தட்டு மூடி
மேல்தட்டில் தனியாக.